சூடாக்காத செவ்வாய்க்கிழமை

கோலாலம்பூரில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் என் கோபத்துக்குப் பயப்படாதவர் யாரும் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. ஆறு வருடம் ஒரே படிகத்தோடு மல்லுக்கட்டினால் யாருக்கும் அப்படித்தான் ஆகும்.

படிகம் அரிசிமணி அளவுதான். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத குட்டிப் பகுதிகள் ஆளுக்கொரு பக்கம் திரும்பியிருக்கும். மின்னழுத்தம் கொடுத்தால் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும். எடுத்துவிட்டால் கலையும், சில உடனே, சில நாள்கணக்கில். ஒவ்வொன்றும் புதிதாகத் திரும்பும்போது கம்பியில் மிக மெல்லிய மின்னோட்டம் ஓடும். அதை அளப்பதுதான் என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம்.

அதில்தான் வந்தது வினை. "இது படிகத்திலிருந்துதான் வருகிறதா, இல்லை உங்கள் கேபிளில் கசிவா?" என்று தேர்வாளர் ஒருவர் கேட்டுவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் நிரூபிக்காவிட்டால் அத்தியாயத்தையே எடுத்துவிடச் சொன்னார் பேராசிரியர் குணபூசணி. எடுத்தால் என் பட்டம் இன்னொரு வருடம் தள்ளிப்போகும்.

ஒவ்வொரு முறை அளப்பதற்கு முன்பும் படிகத்தை இருநூறு டிகிரிக்குச் சூடாக்கி ஆறவிட வேண்டும். முந்தைய நாள் பட்டதெல்லாம் அப்போதுதான் அதற்கு மறக்கும். அது டெக்னீஷியன் விமலன் அண்ணனின் வேலை. போர்ட் கிள்ளானிலிருந்து ரயிலில் வருவார். சூடாக்கியதும் பதிவேட்டில் டிக் போடுவார்.

புதன் காலை முடிவுகளைப் பார்த்தேன். திங்கட்கிழமை வந்த மின்னோட்டத்தில் பாதிதான் செவ்வாயன்று வந்திருந்தது. அதே கேபிள், அதே மின்னழுத்தம், இரண்டு நாளும் டிக். அப்படியென்றால் படிகம் விரிசல் விட்டிருக்க வேண்டும். எங்களிடம் இருப்பதோ ஒன்றே ஒன்று.

"கிரிஸ்டல் போச்சுண்ணே. சாப்டர் ஃபோர் வேணாம்னு புரொபசர்கிட்ட சொல்லப் போறேன்."

அண்ணன் தேத்தாரே டீ கிளாஸை மேசையில் வைத்தார்.

"கொஞ்சம் இருங்க லா, சிந்துஜா. திட்டக்கூடாது. நேத்து நான் சூடாக்கல."

"டிக் இருக்கே!"

"அது திங்கக்கிழமையே போட்டது. வாரத்துக்கு அஞ்சு டிக்கையும் ஒரேயடியா போட்டுருவேன். பாருங்க, வெள்ளி வரைக்கும் இருக்கும். மத்த நாளெல்லாம் சத்தியமா சூடாக்கிருவேன். நேத்து ட்ரெயின் லேட்டு. வந்ததும் நீங்க ரெடியான்னு கத்துனீங்க. பயத்துல ரெடின்னுட்டேன்."

நல்ல வார்த்தைகளாக நாலைந்து நாக்கு நுனி வரை வந்தன. அதற்குள் ஒன்று உறைத்தது. சூடாக்காததால் திங்களன்று திரும்பிய பகுதிகளில் பாதி இன்னும் அப்படியே நின்றிருக்கின்றன, மிச்சப் பகுதிகள்தான் நேற்றுப் புதிதாகத் திரும்பியிருக்கின்றன. படிகத்தைச் சூடாக்கியது, சூடாக்காதது கேபிளுக்கு எப்படித் தெரியும்? கசிவாக இருந்தால் இரண்டு நாளும் ஒரே அளவுதானே வந்திருக்கும்?

"அண்ணே, இன்னைக்குச் சூடாக்குங்க. நாளைக்கு வேணும்னே விட்டுருவோம்."

புதன் முழு அளவு. வியாழன் பாதி. வெள்ளி காலை சூடாக்கினோம், மறுபடியும் முழு அளவு. பேராசிரியர் மூன்றையும் அடுக்கிப் பார்த்துவிட்டு, "நாலாம் அத்தியாயம் இருக்கட்டும்மா" என்றார். எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

மதியம் பிரிக்பீல்ட்ஸில் அண்ணனுக்கு வாழையிலைச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன். கத்தியதற்கு மன்னிப்பும் கேட்டேன், கொஞ்சம் முணுமுணுப்பாக.

"இது எப்படித் தெரிஞ்சுதுன்னு என்ன எழுதுவீங்க?" என்று கேட்டார்.

"உள்ளதைத்தான். ஒரு நாள் டெக்னீஷியன் சூடாக்காம விட்டாரு, அதை அவரே சொன்னாரு, அதனால தெரிஞ்சுதுன்னு."

"என் பேரும் வருமா?"

"வரும்." அவர் குனிந்து ரசம் சாதத்தைப் பிசைய ஆரம்பித்தார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. "வேணாம்னா போடலண்ணே."

"ஏன் வேணாம்? ஐசி அடையாள அட்டையில இருக்கற மாதிரியே முழுசா போடுங்க. விமலன் அனாக் லெலாக்கி சின்னையா. சின்னையா மகன்னு தெரியணும். எங்கப்பா பேரு இதுவரைக்கும் எந்தப் புத்தகத்துலயும் வந்ததில்ல."