பன்னிரண்டாவது கட்டம்

நானும் சின்னவளும் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். நான் கீழ்வீட்டில், அவள் மாடியில். என் கணவரின் தம்பி மனைவி என்பதால் அவளுக்குச் சின்னவள் என்ற பெயர் நிலைத்துவிட்டது. உடுப்புகளை அளவு கூட்டிக் குறைத்துத் தரும் கடை ஒன்றில் நான் தையல் வேலை பார்க்கிறேன். அங்கே மிஞ்சும் வெட்டுத்துணிகளை எடுத்துப்போகச் சொல்லிவிட்டார் முதலாளி. அவற்றைத் துவைத்து, தேய்த்து, பருத்தியை ஒரு பெட்டியிலும் மற்றதை இன்னொரு பெட்டியிலும் வைப்பேன். உறவிலோ அக்கம்பக்கத்திலோ யாருக்கு எது கொடுப்பதென்றாலும் அந்தத் துணியில் ஒரு சிறிய பை தைத்துக் கொடுப்பது எங்கள் இருவருக்கும் பழக்கம். கண்ணாடிக்கு ஒன்று, சாவிக்கு ஒன்று, மாத்திரைக்கு ஒன்று.

"இந்தத் தெருவுல உங்க பை கிடைக்காதது பூனைக்கு மட்டும்தான் அண்ணி" என்பார் என் கொழுந்தன்.

நாத்தனார் முதல் குழந்தை உண்டாகியிருப்பதாகத் தெரிவித்தபோது, இந்த முறை பை வேண்டாம், துண்டுத்துணியில் போர்வை தைக்கலாம் என்று முடிவு செய்தோம். பன்னிரண்டு கட்டம். கட்டத்துக்கு ஒன்பது சதுரம். சதுரம் நான்கு அங்குலம். தையலுக்கு ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் போகும். தைத்த கட்டம் பதினோரு அங்குலம் வர வேண்டும். ஆளுக்கு ஆறு என்று துணியைப் பிரித்துக்கொண்டோம்.

அடுத்த வாரம், அவள் வேலை பார்த்த அட்டைப்பெட்டிக் கூடத்தில் இயந்திரத்தின் மூடி அவள் வலது கையில் இறங்கியது. உடைந்த எலும்பு ஒன்றரை மாதத்தில் கூடிவிட்டது. இரண்டு விரல்கள் மடங்கவில்லை. கைக்குப் பயிற்சி கொடுக்கும் அம்மாவிடம் அவளோடு நானும் போனேன்.

"தெனமும் ஊசி பிடிக்கணும்மா. வலிச்சாலும் பிடிக்கணும். சும்மா விட்டீங்கன்னா அந்த ரெண்டு விரலும் குச்சி மாதிரி அப்படியே நின்னுடும். அப்புறம் என்கிட்ட வந்து பிரயோசனமில்லை" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்ததும் சின்னவள் தன் பங்குத் துணியில் ஐந்து கட்டத்துக்கானதை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"ஆறு என்னால ஆகாதுக்கா. ஒண்ணு தைக்கிறேன். மிச்சம் நீங்க பாத்துக்குங்க."

அந்த ஒன்றுக்குப் பத்தொன்பது நாள் ஆனது. கொண்டுவந்து மேசைமேல் வைத்து, உள்ளங்கையால் நீவிவிட்டாள்.

"எப்படிக்கா இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றேன்.

நன்றாக இல்லை. ஒரு பக்கம் பதினோரு அங்குலம், எதிர்ப்பக்கம் பத்தரை. நடுச் சதுரத்தின் நான்கு மூலைகளில் ஒன்றுகூட அடுத்ததோடு சேரவில்லை. தையல் ஓரிடத்தில் அரிசி நீளம், ஓரிடத்தில் கடுகு அளவு. ஒரு கட்டம் அரை அங்குலம் குறைந்தால் அந்த வரிசை முழுவதும் இழுத்துக்கொள்ளும். இது என் தொழில், எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சின்னவளும் கொழுந்தனும் வெளியே போயிருந்தார்கள். அந்தக் கட்டத்தைப் பிரித்து, ஒன்பது சதுரங்களையும் தேய்த்து, அவள் வைத்திருந்த அதே வரிசையில் கையாலேயே தைத்தேன். இரண்டு மணி நேரம். பதினோரு அங்குலம் பிசகாமல் வந்தது. பன்னிரண்டையும் இணைத்தேன். அவளிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

அடியில் கொடுக்கும் துணியை இன்னும் தைக்கவில்லை. சின்னவள் அதற்குள் பார்த்துவிட்டாள். மேல்துணியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தாள். அவள் கட்டத்தில் நான்கு சதுரங்கள் கருநீலம். பிரித்த தையலின் ஊசித்துளைகள் அதில் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் விட்டன.

"இது நான் தைச்சது இல்லை."

"மூலை கொஞ்சம் சேராம இருந்துச்சு. அதான்..."

"நல்லா இருக்குன்னு சொன்னீங்களேக்கா."

அவள் துணியை நான்காக மடித்து மேசைமேல் வைத்துவிட்டு மாடி ஏறினாள். சண்டை போட்டிருந்தால் தேவலை.

அதன்பின் அவள் ஊசியைத் தொடவில்லை. கொழுந்தன்தான் வந்து சொன்னார்.

"எது சொன்னாலும், அக்கா தைச்சுடுவாங்க, எனக்கு என்னத்துக்குங்கறா. பயிற்சிக்கும் போகலை. அந்தம்மா ரெண்டு தடவை போன் பண்ணிட்டாங்க. என்ன அண்ணி பண்றது?"

நான் மாடிக்குப் போனேன். "தப்பு என்னோடதுதான். பிரிச்சுத் தரேன், நீயே திரும்பத் தை" என்றேன்.

"பிரிச்சா அந்தப் பத்தொன்பது நாளும் வந்துருமா?" என்று கேட்டுவிட்டு, தட்டைக் கழுவப் போனாள். இடது கையால் கழுவினாள். வலது கை தொட்டியின் விளிம்பில் கிடந்தது.

மூன்று வாரம் இப்படியே போனது. அதற்குள் போர்வையை முடித்துவிட்டேன். ஏழாம் மாதத்தில் நாத்தனார் இரண்டு நாள் தங்க வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, போர்வையை மடியில் விரித்துத் தடவிப் பார்த்தாள்.

"பெரியண்ணி, இதுல எது உங்களோடது, எது சின்னண்ணியோடது?"

"எல்லாம் என்னோடது" என்றேன். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமையையும் விடவில்லை, விரல்களைப் பற்றி அந்த அம்மா சொன்னதையும் விடவில்லை.

கேட்டு முடித்து, "உங்களுக்கு ஸ்கேலை முழுங்கிட்டுத்தான் பொறந்தோம்னு நினைப்பு" என்றாள் நாத்தனார். போர்வையைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு மூச்சு வாங்க மாடி ஏறினாள். நான் பின்னாலேயே போய்ப் படியில் நின்றேன்.

"சின்னண்ணி, இதை நான் எதுல போட்டுக் கொண்டுபோறது?"

"கீழ கேளு. நல்லாத் தைக்கிறவங்க அங்கதான் இருக்காங்க."

"அவங்க தைச்சதுதான் கையில இருக்கே. உங்களோடது எங்க? ஊருக்கெல்லாம் பை தைச்சுக் குடுத்தீங்க. எனக்குன்னு வரும்போது கை வலிக்குதாக்கும்."

"வலிக்கத்தான் செய்யுது."

"எனக்கும்தான் இடுப்பு வலிக்குது. நாளன்னைக்குக் காலையில ரயில். அதுவரைக்கும் இந்தக் கட்டிலை விட்டு நகர மாட்டேன்."

நாத்தனார் சொன்னபடியே கட்டிலில் காலை நீட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, என் பக்கம் திரும்பாமலே சின்னவள் கேட்டாள்.

"பருத்திப் பெட்டி கீழதானே இருக்கு?"

கொண்டுபோய்க் கொடுத்தேன். வெட்டித் தரட்டுமா என்று கேட்கவில்லை. இரண்டு நாளும் அவள் விரல்களுக்கு நடுவில் ஊசியைச் செருகி, அது நழுவ, தேடி எடுத்து மறுபடி செருகினாள். ஒரு தரம் ஊசி கட்டிலுக்கடியில் போனது. குனிய முடியாத நாத்தனார் அங்கிருந்தே திசை சொன்னாள். இரண்டாம் நாள் மாலை வாக்கில் அந்த இரண்டு விரல்களில் ஒன்று லேசாக வளைந்ததைப் பார்த்தேன். ஊசி நழுவாமல் இருக்கத் தானாகவே வளைந்தது போலிருந்தது. அவள் கவனித்தாளா என்று தெரியவில்லை.

புறப்படும் காலையில் பை தயார். ஒரு கைப்பிடி மற்றதைவிட மூன்று விரற்கடை நீளம். அடிப்பக்கம் கோணல். போர்வையைத் திணித்தால் முக்கால்வாசிதான் உள்ளே போனது. மிச்சம் மேலே பிதுங்கிக்கொண்டு நின்றது. நாத்தனார் அதைத் தோளில் மாட்டிப் பார்த்தாள். பை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

நான் என் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். சின்னவள் அதைப் பார்த்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு நேராக என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னக்கா, கை அரிக்குதா?"

"அரிக்குது."

"அரிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, பெட்டியில் மிச்சமிருந்த துணியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.