பச்சை வைனுக்கு வெயில் ஆகாது

உலக மக்களுக்கும், குறிப்பாக ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் வாழ் பெருங்குடி மக்களுக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: இவ்வாண்டின் வின்யோ வேர்டே, போர்த்துக்கலின் வடக்கிலிருந்து எழுந்தருளிவிட்டது. பச்சை வைன். பச்சை அதன் நிறமல்ல, வயது. மெல்லியது, இளையது, நாக்கில் லேசாகச் சுள்ளென்பது. அதற்கு வெயில் ஆகாது, குலுக்கல் ஆகாது, நாள்பட்டுக் கிடப்பதும் ஆகாது. இதையெல்லாம் இறக்குமதி முதலாளி குறோகர் தம் தொழிலாளருக்கு வகுப்பு வைத்தே விளக்கியிருந்தார். தொழிலாளருக்கு எது ஆகாது என்பது பற்றி வகுப்பு ஏதும் நடந்ததாகத் தகவல் இல்லை.

எழுந்தருளிய வைனை விடியற்காலையில் லொறியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தவர்கள் பிரபாலினி, சிறீதரன், கம்சனா. வழியில் பெட்டிகள் சரிந்துபோயிருந்தன. ஒவ்வொன்றாகத் தூக்கி, பலகைத் தட்டில் அடுக்கி, கைவண்டியில் ஏற்றிக் கிடங்குக்குள் இழுக்க வேண்டும். அட்டையின் விளிம்பு விரலிடுக்கை அறுத்தது. குனிந்த இடுப்பு நிமிர மறுத்தது. நாலு பேரின் வேலை அது. நாலாவது ஆளான விஜயரத்தினம் வீட்டில் கிடந்தார்.

போன மாதம் இதே வாசலில், இதே கைவண்டி, பாரத்தோடு அவர் காலில் ஏறியது. பிரேக் பிடிக்கவில்லை என்று சிறீதரன் சொல்லிச் சொல்லி வாய் உளைந்த வண்டிதான். அம்புலன்சுக்குப் போன் அடிக்கவிடாமல் குறோகர் தம் சொந்தக் காரில், தோலிருக்கையில் இரத்தம் படிவதையும் பாராமல், தாமே ஓட்டிப் போனார். "முதலாளியெண்டா இப்பிடியெல்லோ இருக்கவேணும்!" என்று கிடங்கே உருகியது. கம்சனா கண்ணைக்கூடத் துடைத்தாள். காருக்குள் முதலாளி மென்மையாக ஓர் உதவி கேட்டார். காரில் ஏற்றிய மனிதருக்கு இல்லையென்று சொல்ல விஜயரத்தினத்துக்கு வாய் வரவில்லை. வீட்டுப் படியில் விழுந்தேன் என்று டொக்டரிடம் சொன்னார். மறுநாள் அவர் கட்டிலுக்கு ஒரு போத்தல் வின்யோ வேர்டே வந்தது, ரிப்பன் கட்டி.

இப்போது இரண்டு கால்விரல்களை எடுத்துவிட்டார்கள். வேலையில் அடிபட்டவனுக்குத்தான் விபத்துக் காப்புறுதி. வீட்டுப் படியில் விழுந்தவனுக்கு அனுதாபம். வேலை ஒப்பந்தமும் இந்த மாதத்தோடு சரி.

குறோகர் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. "சீக்கிரம்! இந்தச் சூட்டில் வைன் செத்துப்போகும்!"

பிரபாலினி கையுறையைக் கழற்றினாள். மூவரில் நன்றாக ஜேர்மன் பேசுபவள் அவள்தான். "விஜயரத்தினத்தின் கால் இந்த வாசலில் நசுங்கியது. காப்புறுதிக்குப் போன் எடுத்து அதைச் சொல்லுங்கள்."

"வீட்டில் விழுந்ததாக அவரே சொல்லியிருக்கிறாரே."

"சொல்ல வைத்தது யார்?"

"என் காரிலல்லவா கொண்டுபோனேன்! நாமெல்லாம் ஒரு குடும்பம், பிரபாலினி."

"நல்லது. குடும்பத்தில் மூன்று பேர் கண்ணால் பார்த்தோம். நீங்கள் சொல்லாவிட்டால் நாங்கள் போய்ச் சொல்வோம்."

"உங்கள் ஒப்பந்தங்களும் முடியக்கூடியவைதான் என்பதை அன்போடு நினைவூட்டுகிறேன்."

கம்சனாவின் விசா அந்த ஒப்பந்தத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

சுவரில் குறோகர் மாட்டிய பெரிய படம்: உயரப் பந்தலில் திராட்சை, ஏணியில் நின்று சிரித்தபடி பறிக்கும் ஒரு தொழிலாளி. சிறீதரன் அதைப் பார்த்துப் பிரபாலினியிடம் தமிழில் சொன்னான்: "அக்கா, அந்தாள் ஏணியாலை விழுந்தாலும் வீட்டுப் படியிலை விழுந்தனெண்டுதான் சொல்லவேணுமோ? ஒருக்காக் கேளுங்கோ."

"நீயே கேளன், வாய் கிடக்குத்தானே?"

"என்ரை ஜேர்மனைக் கேட்டா அவர் சிரிப்பார். ஆனா இருக்கிறதுக்கு ஜேர்மன் தேவையில்லை." வாசல் நடுவில் சப்பணம் கட்டி அமர்ந்தான்.

"எனக்குப் பயமாக் கிடக்கு அக்கா," என்றாள் கம்சனா.

"எனக்கும்தான். வா, பக்கத்திலை இரு."

மூவரும் வாசலை அடைத்து அமர்ந்தார்கள். போர்த்துக்கேய லொறிச் சாரதி இறங்கிவந்து, என்ன சங்கதி என்று கையால் கேட்டார். பிரபாலினி தன் காலைக் காட்டினாள், கைவண்டியைக் காட்டினாள், முதலாளியைக் காட்டினாள். சாரதி சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு நாலாவது ஆளாக அமர்ந்தார். தன் காலைச் சாப்பாட்டுப் பாணைப் பிய்த்து நீட்டினார்.

லொறித் தகரம் தொட்டால் சுட்டது. குறோகர் சமாதானத்துக்குக் குளிர்ந்த போத்தல்களோடு வந்தார். ஒருவரும் கை நீட்டவில்லை.

"வைன் சாகிறது!"

"ஒரு போன்தான்," என்றாள் பிரபாலினி.

அவர் போனை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். விரல் இலக்கத்தைத் தேடத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்து ஜேர்மன் கோடை தன் குணத்தைக் காட்டியது. வானம் இருண்டு, சோவென்று மழை. ஜக்கெட் தேடும் குளிர். குறோகர் அண்ணாந்து பார்த்தார். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

நால்வரும் எழும்பவில்லை. தலையால் நீர் வழிய, கம்சனா விஜயரத்தினத்துக்குப் போன் எடுத்தாள். "அண்ணை, நீங்கள் படியிலை விழேல்லை. நாங்கள் பாத்தனாங்கள். நாளைக்கு உங்களையும் கூட்டிக்கொண்டு எல்லாருமாப் போய்ச் சொல்லப்போறம். வாறியளோ?"



"ஓம் பிள்ளை," என்றார் விஜயரத்தினம். "வாறன்."

வைன் தப்பிவிட்டது.