ஆளில்லாத தியேட்டர்

"இன்னைக்கு மட்டும் நீ யார் கண்ணுலயும் படக்கூடாது," என்றார் மாமனார்.

மருமகள் அவருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். காலரின் மேல் பெட்டி ஒரு கணம் நின்றுவிட்டது. துணி கருகும் வாடை கிளம்புவதற்குள் சட்டென்று எடுத்துவிட்டாள்.

"ஏன் மாமா?"

"வெளியூர்லேர்ந்து பெரிய மனுஷங்க வராங்க. எதைப் பார்க்க வராங்க? நம்ம தியேட்டர்ல நாலு ஸ்க்ரீனை ரெண்டே ஆளை வச்சு எப்படி ஓட்டுறோம்னு பார்க்க வராங்க. அந்த நேரத்துல நீ குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கிட்டிருந்தா நல்லாவா இருக்கும்?"

"நான் ஓடலைன்னா படம் ஓடாதே மாமா."

"ஓடு. யாரு வேணாம்னா? பின்பக்கமா ஓடு."

சாப்பாட்டு மேசையில் கணவன் காபிக்குள் எதையோ தொலைத்தவன்போல் குனிந்திருந்தான். அவனுக்கு எதிரே மாமியார், தியேட்டரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த சீட்டு உறையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப என்னையும் சேர்த்து மூணு ஆளுன்னு சொல்லிடுங்களேன்," என்றாள் மருமகள். குரல் பணிவாகத்தான் இருந்தது.

மாமனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீ எப்படிம்மா ஆளாவ? டிக்கெட் கிழிக்கிற டார்ச்சும் வண்டி பார்த்துக்கிற விசிலும் வேலை ஆளு. நீ வீட்டு ஆளு. வீட்டு ஆளையெல்லாம் ஆள் கணக்குல சேர்க்க ஆரம்பிச்சா, அப்புறம் உங்க அத்தையையும் சேர்க்கணும்!"

மாமியாரின் விரலில் ஊசி குத்தியது. "ஸ்ஸ்" என்றார். யாரும் என்னவென்று கேட்கவில்லை.

"அவங்களுக்கு மட்டும் பிடிச்சுப் போச்சுன்னா, பக்கத்து ஊர்ல கூட்டுச் சேர்ந்து இன்னொரு தியேட்டர். அதையும் நீயே பார்த்துக்கலாம். இங்கேர்ந்து நேரா பஸ் இருக்கு," என்று சொல்லிவிட்டு, இஸ்திரிச் சூடு ஆறாத சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று திரும்பி, "வளையலைக் கழட்டிடு. சத்தம் வரும்," என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. மருமகளை அதட்டிப் பேசியது கிடையாது. ஊரில் எல்லாரிடமும் அவளைப் பற்றிப் பெருமையாகத்தான் சொல்வார். "என் மருமக தங்கம். எங்க இருக்கான்னே தெரியாது" என்பார். அதைப் பாராட்டு என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

தியேட்டர் பெரியதாக இருந்த காலத்தில் அங்கே ஒரு பட்டாளமே வேலை பார்த்தது. கூட்டம் குறைந்தது. ஒரே பெரிய அரங்கை நடுநடுவே சுவர் வைத்து நான்காகப் பிரித்தார்கள். ஆட்களை ஒவ்வொருவராக அனுப்பினார்கள். டிக்கெட் கொடுக்கத் தொடுதிரை இயந்திரம் வந்தது. படம் பெட்டியில் வருவது நின்று கம்பியில் வரத் தொடங்கியது. மிஞ்சியவர்கள் இரண்டு பேர். வாசலில் டிக்கெட் கிழிக்க ஒருவர். ஒரு காலத்தில் இருட்டில் டார்ச் அடித்து இடம் காட்டியவர் என்பதால் அவர் பெயர் டார்ச். வண்டி நிறுத்துமிடத்தில் ஒருவர்; அவர் விசில். மாமனார் முதலாளி, மகன் மேனேஜர். மேனேஜர் அறையில் குளிர்சாதனமும், தியேட்டர் முழுவதையும் காட்டும் ஒரு டிவியும் உண்டு. அவன் அதைப் பார்த்துக்கொண்டிருப்பான். நல்லவன். டிவியில் எங்காவது குப்பை தெரிந்தால் மனைவிக்கு போன் போட்டுச் சொல்லிவிடுவான்.

மீதி எல்லாம் தானாக நடந்தது. அதாவது, மருமகள் நடத்தினாள்.

காலையில் நான்கு அரங்கையும் பெருக்குவாள். நான்குக்கும் பொதுவாகப் பின்னால் ஒரு நீளமான நடை உண்டு. அதன் வழியாக ஓடிப்போய் ஒவ்வொரு ப்ரொஜெக்டராக உயிர் கொடுப்பாள். திரும்பி ஓடிவந்து பாப்கார்ன் போடுவாள். தொடுதிரை இயந்திரம் முரண்டு பிடித்தால் அதன் முதுகைத் திறந்து அணைத்துப் போடுவாள். படம் தொடங்கும்போது விளக்குகள் தாமாக மங்குவதற்கு ஒரு கருவி இருந்தது. ஒரு மழையில் அது கெட்டுப்போனது. மாமனார் அதைப் பழுதுபார்க்கவில்லை. மருமகள் இருக்கும்போது கருவி எதற்கு?

இதில் அவளுக்கு இருந்த ஒரே குறை வேறு. அங்கே ஓடிய எல்லாப் படத்தின் தொடக்கமும் அவளுக்குத் தெரியும். ஒன்றின் முடிவும் தெரியாது. இரண்டாம் அரங்கில் கதாநாயகி அழ ஆரம்பித்தால் நான்காம் அரங்கில் இடைவேளை என்று அர்த்தம். ஒன்றில் வில்லன் மலையிலிருந்து தொங்கும்போது மூன்றில் கதவைத் திறக்கப் போயாக வேண்டும். திரும்பி வந்தால் ஜனங்கள் எழுந்து போயிருப்பார்கள். சீட்டுக்கடியில் காகிதக் கோப்பைகள் கிடக்கும். அவளைப் பொறுத்தவரை அத்தனை வில்லன்களும் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். "படம் எப்படிக்கா இருக்கு?" என்று யாராவது கேட்டால், "சீட்டு நல்லா இருக்கும்" என்பாள்.

வந்தவர்கள் மூன்று பேர். இருவர் தாராளமான உடம்புக்காரர்கள். எதைக் காட்டினாலும் "பிரமாதம்" என்றார்கள். மூன்றாமவர் ஒல்லியானவர். எதற்கும் பிரமாதம் சொல்லாமல் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"பாருங்க, டிக்கெட்டுக்கு ஆள் இல்ல," என்றார் மாமனார். மருமகள் இயந்திரத்துக்குப் பின்னால் குந்தி, வழக்கமாகச் சிக்கும் காகிதச் சுருளை விரலால் தள்ளிவிட்டாள். டிக்கெட் வழுக்கிக்கொண்டு வந்தது.

"படம் போட ஆள் இல்ல." அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்நடையில் ஓடினாள். அவர்கள் அரங்கு வாசலுக்கு வந்து சேர்வதற்கும் விளக்குகள் மெல்ல மங்குவதற்கும் சரியாக இருந்தது.

"பிரமாதம்!"

"பேய் நடத்துற மாதிரி இருக்குங்க," என்றார் ஒல்லியானவர்.

"பேய்க்குக்கூட வருஷத்துக்கு ஒரு தடவை பூசை போடணும் சார். இங்க அந்தச் செலவும் கிடையாது!" மாமனாருக்கு அன்று வாய் நன்றாக ஓடியது.

பாப்கார்ன் கடைக்கு வந்தார்கள். கடையில் யாரும் இல்லை. பின்சுவரில் ஒரு சின்னச் சதுர ஓட்டை; அதற்குப் பின்னால் சாமான் அறை. மாமனார் மேசையை இரண்டு தட்டுத் தட்டினார். ஓட்டை வழியாகச் சுடச்சுட மூன்று பாக்கெட்டுகள் வந்தன. உடம்புக்காரர்கள் கைதட்டினார்கள்.

ஒல்லியானவர் மட்டும் குனிந்து ஓட்டையைப் பார்த்தார். "ஒரு கை தெரிஞ்சுதே?"

"எந்தக் கை?"

"பாப்கார்னைப் பிடிச்சிருந்த கை."

"ஓ, அதுவா." மாமனார் கையை அசைத்தார். "அது வீட்டுக் கை. மருமக."

"அப்ப மூணு ஆளா?"

"ஐயோ, அவ ஆளு இல்லீங்க. வீட்டுப் பொண்ணு."

"சம்பளம்?"

"நல்லா கேட்டீங்க போங்க. மருமகளுக்கு யாராவது சம்பளம் கொடுப்பாங்களா? லீவு கேட்க மாட்டா, கோவிச்சுக்கிட்டு வேற தியேட்டருக்குப் போக மாட்டா."

ஒல்லியானவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்பத்தான் எனக்குத் தொழில் பிடிபடுது. முதல்ல மெஷின் வாங்கக் கூடாது. முதல்ல பையனுக்குப் பொண்ணு பார்க்கணும்!"

நால்வரும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் மேசையிலிருந்த பாக்கெட் ஒன்று சாய்ந்து கொட்டியது.

சுவருக்குப் பின்னால் மருமகள் கையைப் பார்த்துக்கொண்டாள். வளையல் இல்லாமல் அது யாருடைய கையோ போல இருந்தது. அழுகை வரும் என்று ஒரு கணம் காத்திருந்தாள். வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு யோசனை வந்தது. அது இத்தனை எளிதாக இருக்கிறதே என்று அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

மூன்றாம் அரங்கில் அடுத்த காட்சி நேரம். பின்நடை வழியாகப் போய்ப் படத்தைப் போட்டாள். விளக்கை மங்கவைத்தாள். செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, முன்பக்கமாகச் சுற்றி நடந்து வந்தாள். ஓடவில்லை. இயந்திரத்தில் ஒரு டிக்கெட் வாங்கினாள். நடு வரிசை, நடு சீட்டு.

டார்ச் டிக்கெட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"டிக்கெட்டு அண்ணே. கிழிங்க."

கிழித்தார். பிறகு என்ன தோன்றியதோ, பையிலிருந்து பழைய டார்ச்சை எடுத்து உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினார். மினுக்கென்று எரிந்தது. "வாங்க மேடம். படி இருக்கு, பார்த்து," என்று முன்னால் வெளிச்சம் காட்டிக்கொண்டு போனார். அவள் வாய்பொத்திச் சிரித்தாள். அந்தப் படிகளை அவள் தினமும் துடைப்பவள்.

படம் ஒரு சமையல்காரனையும் அவனைத் துரத்தும் மூன்று கடன்காரர்களையும் பற்றியது. அவள் தொடக்கத்தைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு நடுவில் சிரித்தாள். போன் அதிர்ந்தது.

"எங்க இருக்க?" கணவன். "ரெண்டுல இடைவேளை விட்டாச்சு, லைட்டு எரியல. டிவியில ஒரே இருட்டா இருக்கு."

"மூணுல இருக்கேங்க."

"மூணுல என்ன வேலை?"

"வேலை இல்ல. படம் பார்க்குறேன்."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "சரி, லைட்டு சுவிட்ச் எங்க இருக்கு?" என்றான் கடைசியில். அவன் மேனேஜராகி நெடுங்காலம் ஆகியிருந்தது.

மாமியார் ஊசியும் நூலும் தைத்த உறையுமாக உள்ளே வந்தார். அவள் உட்கார்ந்திருந்த வரிசையில்தான் மாட்ட வேண்டும்.

"ஏண்டி, இங்க உட்கார்ந்திருக்க?"

"படம் பார்க்குறேன் அத்தை."

"வெளியே உங்க மாமா தவிக்கிறாரு."

"ஆளில்லாம ஓடும்னு சொன்னாருல்ல அத்தை. ஓடட்டும்."

மாமியார் திரையைப் பார்த்தார். சமையல்காரன் ஒரு அண்டாவுக்குள் ஒளிந்துகொண்டிருந்தான். காலையில் குத்துப்பட்ட விரலைப் பார்த்தார். பக்கத்துச் சீட்டில் உறையை மாட்டி, அதன் மேலேயே உட்கார்ந்தார்.

"சீட்டைத் தைச்சிருக்கேனே ஒழிய, உட்கார்ந்ததில்ல. நல்லாத்தான்டி தைச்சிருக்கேன்," என்றார். சற்றுப் பொறுத்து, "யாரு அந்த மீசைக்காரன்?"

கதை உச்சத்தைத் தொட்டபோது கருகல் வாடை வந்தது. யாரோ பாப்கார்ன் போட முயன்றிருக்கிறார்கள். கூடவே கதவு திறந்தது. இஸ்திரிச் சட்டையில் எண்ணெய்க் கறையோடு மாமனார் குனிந்தபடியே வரிசைகளைத் தடவிக்கொண்டு வந்தார். பின்னால் கதவோரம் ஒல்லியானவர்.

"யோவ், உட்காருய்யா! மறைக்குது!" என்றது கூட்டம்.

அவர் மருமகளின் சீட்டருகே குந்தினார். "அம்மாடி, எழுந்து வா. ஒண்ணுல ஜனம் கதவைத் தட்டுது. மெஷின் டிக்கெட்டை முழுங்கிட்டுத் துப்ப மாட்டேங்குது. ஆள் வேணும்மா."

"நம்ம தியேட்டர்லதான் ஆளே கிடையாதே மாமா."

"நீ இருக்கியே!"

"நான் ஆளா மாமா?"

"ஆமாம்மா," என்றார் மெதுவாக.

"சினிமா சத்தத்துல காது கேட்கல மாமா."

"உஷ்ஷ்!" என்றது பின்வரிசை.

மாமனார் இருட்டில் இரண்டு பக்கமும் பார்த்தார். வேறு வழி தெரியவில்லை. "ஆளுதாம்மா! நீயும் ஒரு ஆளுதான்!" என்று கத்தினார்.

அந்த நேரம் பார்த்துத் திரையில் வசனம் இல்லை. அரங்கு முழுக்கக் கேட்டது. எங்கிருந்தோ ஒரு விசில் பறந்தது. கொல்லென்று சிரிப்பு.

கதவோரத்திலிருந்து ஒல்லியானவர் குரல் வந்தது. "அப்ப மூணு ஆளாங்க?"

"நாலு!" என்றார் மாமியார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாமனார் அப்போதுதான் அங்கே மனைவி இருப்பதைப் பார்த்தார்.

"சரி, வாம்மா போகலாம்."

"ஆளுன்னு சொல்லிட்டீங்கல்ல மாமா. டார்ச் அண்ணனுக்கு வாரத்துல ஒரு நாள் லீவு உண்டு. என்னோடதை நான் இன்னைக்கு எடுத்துக்குறேன்."

"அடுத்த ஊர்த் தியேட்டரு..."

"ஆள் போட்டா வந்து சொல்லிக் கொடுக்குறேன் மாமா. படம் முடியப் போகுது, மறைக்காதீங்க."

அவர் குனிந்தபடியே திரும்பிப் போனார். கடன்காரர்கள் மூவரும் சமையல்காரனிடமே வேலைக்குச் சேர்ந்தார்கள். அதுதான் முடிவு. அவ்வளவு நல்ல முடிவு என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனாலும் மருமகள் கைதட்டினாள்.

ஜனங்கள் எழுந்து போனார்கள். திரையில் பெயர்கள் மேலே ஏறிக்கொண்டிருந்தன. இந்த நேரத்தில் அவள் எப்போதும் துடைப்பமும் கையுமாகக் குனிந்திருப்பாள். அதனால் இதையும் அவள் பார்த்ததே இல்லை.

"இவ்வளவு பேரா?" என்றார் மாமியார். அவருக்குச் சின்ன எழுத்து தெரியாது. "படிச்சுச் சொல்லு."

"தைச்சவங்க பேரு போகுது அத்தை. இது வண்டி ஓட்டினவங்க. இது விளக்கு பிடிச்சவங்க. இது..." அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "டீ போட்டுக் கொடுத்தவங்க."

"டீ போட்டவன் பேருமா?"

"ஆமா அத்தை."

கடைசிப் பெயரும் ஏறிப்போனது. திரை இருண்டது. வெளிச்சம் வரவில்லை. வழக்கமாக அதைப் போடுகிறவள் நடு வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சுவருக்குப் பின்னால் அப்பாவும் பிள்ளையும், "இது இல்லப்பா, அது ஏசி", "அப்ப எதுடா?" என்று சுவிட்ச்சைத் தேடும் சத்தம் கேட்டது.

மருமகள் பழக்கதோஷத்தில் எழுந்தாள். மாமியார் அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"உட்காருடி. யாராவது ஒரு ஆளு வந்து போடட்டும்," என்று சொல்லிவிட்டு, முன்சீட்டின் மேல் காலைத் தூக்கி நீட்டிக்கொண்டார்.