கண்ணை மூடிப் பார்த்த படம்

ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு, மற்றதைக் கையில் வைத்தபடி, என் கணவர் வாசலில் நின்று வாதாடிக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பிடித்த ஒரு பழைய பேய்ப்படத்துக்கு முப்பது வருஷம் கழித்து முன்கதை எடுத்திருந்தார்கள். அந்தப் பேய் எப்படிப் பேயானது என்று சொல்லும் படம். ஐந்து வாரத்தில் வருவதாக விளம்பரம் வந்திருந்தது.

"அவ சாகறதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தா யாருக்கு வேணும்? அவ லிஃப்டுல நிக்கறா. அது போதாதா?" என்றார்.

"பாக்கறதுக்கு முன்னாடியே ஃபெயில் போடாதீங்க."

"போடல. ரெண்டு டிக்கெட் போட்டிருக்கேன். அன்னிக்கு வந்து கண் எரியுதுன்னு சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

"சொல்லுவ" என்று சிரித்து, இரண்டாவது செருப்பையும் மாட்டிக்கொண்டு போனார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். அன்று முற்பகல் ஏதோ ஓர் அலுவலகக் கட்டடத்தில், கூட வேலை பார்த்தவரிடம் "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு நாலாவது மாடிப் படியில் உட்கார்ந்திருக்கிறார். எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். போன் வந்தபோது நான் அச்சகத்தில் ஆறாம் வகுப்புப் பூகோளத்துக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு மலைத்தொடரின் பெயரில் துணைக்கால் விட்டுப்போயிருந்தது. அதைப் போட்டுவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தப் பழைய படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழு மாடி விடுதி. இரும்பு மடிப்புக் கதவு போட்ட லிஃப்ட். அதை இயக்கச் சாம்பல் நிறச் சீருடையில் ஒருத்தி. அவள் செத்துப் பல வருஷம் ஆகிறது. அது தெரியாமல் ஓர் இளம்பெண் அங்கே வந்து தங்குகிறாள். உலகத்திலேயே லிஃப்டுக்குக் கதாநாயகன் வேஷம் கொடுத்த ஒரே படம் அதுதான் என்பது என் கணவரின் கட்சி. அந்த இரும்புக் கதவின் சத்தத்தைக் கேட்டே எண்ணெய் போட்டு எத்தனை மாதம் ஆகிறது என்று சொல்வார்.

நாங்கள் சந்தித்ததும் லிஃப்டில்தான். அச்சக லிஃப்ட் பாதியில் நின்று, ஒரு கட்டுப் புரூஃப்போடு நாற்பது நிமிஷம் உள்ளே மாட்டிக்கொண்டேன். கதவை நெம்பித் திறந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அந்த லிஃப்ட் பேய்ப்படம் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

"பத்துத் தடவை" என்றேன்.

ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பேய்ப்பட விளம்பரம் ஒட்டிய சுவர் இருந்தால் எதிர்ப்பக்கமாக நடப்பவள் நான். ஆனால் வாயில் வந்துவிட்டது. அந்தப் பத்துத் தடவையை நம்பித்தான் அவர் என்னைக் கட்டிக்கொண்டார் என்று பல வருஷம் நினைத்திருந்தேன்.

முதல் கல்யாண நாளுக்கு அந்தப் படத்தின் குறுந்தகட்டை வாங்கி வந்தார். மதியம் சாப்பிட்டுவிட்டுப் போட்டோம். லிஃப்டின் மணி முதல் தடவை அடித்ததும் என் கண் தானாக மூடிக்கொண்டது. "கண் எரியுது. காலையிலேர்ந்து புரூஃப் பாத்தது" என்றேன்.

"மூடிக்கோ. நான் சொல்றேன்."

சற்று நேரத்தில் வயலின்கள் கிறீச்சிட ஆரம்பித்தன. "தலையும் வலிக்குது" என்றேன். சத்தத்தை அணைத்துவிட்டு, மீதிக் கதையை அவரே சொன்னார். அதற்கப்புறம் பத்தொன்பது கல்யாண நாளும் இதே மாதிரிதான். மணி அடிக்கும், கண் எரியும், தலை வலிக்கும், அவர் சொல்லுவார்.

நன்றாகச் சொல்லுவார். சீருடைக்காரி மூன்றாவது மாடியில் ஹேர்பின்னைக் கழற்றித் திரும்பக் குத்திக்கொள்வாள். "கதவுல கை வைக்காதீங்க, நசுங்கிடும்" என்று எல்லோரையும் எச்சரிப்பாள். எட்டாவது என்று ஒரு மாடியே இல்லாத கட்டடத்தில் லிஃப்ட் எட்டாவதுக்குப் போகும். அங்கே அவளுக்கு ஒரு முக்காலி இருக்கும். நின்று நின்று கால் வலிக்கிறதென்று அதில் ஐந்து நிமிஷம் உட்கார்வாள். கடைசியில் நடுங்கும் பெண்ணைத் தரைத்தளத்துக்குக் கொண்டுவந்து, கதவைத் திறந்து, "பாத்துப் போம்மா, படி ஈரமா இருக்கு" என்பாள். அந்த இடத்தில் வருஷா வருஷம் நான் அழுதுவிடுவேன்.

அழுததோடு விட்டிருக்கலாம். தையல் கடை மாடியில் மாதம் ஒரு ஞாயிறு கூடும் சினிமா ரசிகர் வட்டம் ஒன்று எங்களுக்கு உண்டு. பல் டாக்டர், கணக்கு டீச்சர், மாடிக்குச் சொந்தக்காரரான தையல்காரர், இன்னும் நாலைந்து பேர். அங்கே எழுந்து, "இது பயத்தைப் பற்றிய படமே அல்ல. வேலையை விட முடியாத ஒருத்தியின் கருணையைப் பற்றிய படம்" என்று பேசியவள் நான். ஒரு காட்சியையும் எடுத்துச் சொன்னதில்லை. பெரிய வார்த்தைகளே போதுமானதாக இருந்தன. பல் டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார். "இந்தக் கோணத்துல நான் யோசிக்கவே இல்ல" என்றார் கணக்கு டீச்சர். என் கணவர் பக்கத்தில் குனிந்து நகத்து இடுக்கில் கிரீஸைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பெருமையை அடக்குகிறார் என்று நினைத்தேன்.

அவர் போன மூன்றாவது வாரம் பல் டாக்டர் போன் பண்ணினார்.

"அக்கா, அடுத்த கூட்டத்துல முன்கதையைப் பத்தி அவர்தான் பேசறதா இருந்துது. தேறுமா தேறாதான்னு தீர்ப்பே சொல்றேன்னாரு. அவர் இடத்துல நீங்க பேசணும். முடியலன்னா வேணாம்."

முடியும் என்றேன். அவருக்காக இனி நான் செய்ய மிச்சமிருந்த ஒரே காரியம் அதுதான் என்று தோன்றியது. அதைச் சொதப்பாமல் செய்ய வேண்டும்.

இரண்டாவது டிக்கெட்டுக்கு என் நாத்தனார் வந்தாள். மதியக் காட்சி. விளக்கு அணைந்து, மணி அடித்தது. என் கண் மூடிக்கொண்டது.

"என்னம்மா நடக்குது?" என்றேன் மெல்ல.

"ஒருத்தி வர்றா அண்ணி."

"அப்புறம்?"

"போயிட்டா."

"என்ன பண்ணிட்டுப் போனா?"

"அண்ணி, நீங்களே பாருங்களேன், எனக்குப் பயமா இருக்கு, சோளப்பொரி எல்லாம் கொட்டுது."

இப்படியே கால் மணி நேரம் ஓடியது. கதவு, ஒருத்தி, போயிட்டா. இதை வைத்து எந்த நீதிபதியும் தீர்ப்பு எழுத முடியாது. நாற்பத்தெட்டு வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு பேய்ப்படத்தைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். உயிரோடிருக்கும் சீருடைக்காரி விடுதி மேலாளரை லிஃப்ட் குழிக்குள் தள்ளிவிட்டுச் சிரித்தாள். பயத்தை விடக் கோபம்தான் வந்தது. என் சீருடைக்காரி அப்படிப்பட்டவள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அந்தக் கோபத்தோடுதான் பேச எழுந்தேன். துணைக்கு நாத்தனாரும் வந்திருந்தாள். ஏழு பக்கம் எழுதி, பிழை திருத்தி வைத்திருந்தேன்.

"முன்கதை தேறாது. கால் வலிக்குதுன்னு எட்டாவது மாடியில முக்காலி போட்டு உக்கார்ற பொம்பளை, ஒரு மனுஷனைக் குழியில தள்ளுவாளா? கடைசியில கதவைத் திறந்து, பாத்துப் போம்மா, படி ஈரமா இருக்குன்னு சொல்றவ, அதுக்கு முன்னாடி இப்படி இருந்திருப்பாளா?"

தையல்காரர் கத்தரிக்கோலை மேஜையில் வைத்தார்.

"அக்கா" என்றார் பல் டாக்டர், சொத்தைப் பல்லைத் தொடுகிற ஜாக்கிரதையோடு, "எந்த முக்காலி?"

"எட்டாவது மாடி முக்காலி."

"எட்டாவது மாடியில முக்காலி கிடையாதுக்கா. அங்க... வேற இருக்கும்."

"கடைசில அந்தப் பொண்ணு வெளில வர்றதே இல்லையே" என்றார் கணக்கு டீச்சர். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று என்னைப் பார்த்தார்.

"பழைய படத்தைப் போடுங்க" என்றேன்.

"இப்ப வேணாம்கா."

"போடுங்க டாக்டர். கடைசிப் பத்து நிமிஷம்."

திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுப் போட்டார்கள். சத்தத்தோடு. சீருடைக்காரி ஹேர்பின்னைத் தொடவே இல்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டாவது மாடியில் என்ன இருந்தது என்று நான் எழுதப்போவதில்லை. இரும்புக் கதவு மூடியது, பெண் அலறினாள், லிஃப்ட் கீழே போனது, தரைத்தளத்தையும் தாண்டிப் போனது. பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

ஒரு புள்ளி விட்டுப்போனால் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். பத்தொன்பது வருஷமாக ஒரு படமே விட்டுப்போயிருக்கிறது. முதலில் சிரித்தது என் நாத்தனார்.

"அண்ணன் சின்ன வயசுலயே இப்படித்தான் அண்ணி. நான் பயப்படுவேன்னு பாம்புக் கதையில பாம்புக்குச் சளி பிடிக்க வச்சிடும். இருமிக்கிட்டே வரும் அது."

"ஆக, பத்துத் தடவை பாத்தேன்னு நான் சொன்னது..."

"அதை வீட்டுல வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சுது. விளம்பரத்தையே பாக்க முடியாத முகம், பத்துத் தடவையாம்னு."

நானும் சிரித்தேன். சிரிப்பு வேறாக மாறத் தொடங்கியபோது தையல்காரர் எழுந்துபோய்த் திரைச்சீலையை விலக்கினார். ரொம்ப நேரம் விலக்கினார். கணக்கு டீச்சர் என் ஏழு பக்கத்தையும் தரையிலிருந்து பொறுக்கி வரிசைப்படுத்தினார்.

"தீர்ப்பை அடுத்த மாசம் வச்சுக்கலாம்கா" என்றார் பல் டாக்டர்.

"வேண்டாம். இப்பவே சொல்றேன்." எழுந்து நின்றேன். "முன்கதை தேறும். நீங்க பாத்த படத்துக்கு அது நல்லாவே பொருந்துது. அந்தச் சிரிப்புக்காரிதான் இப்படி ஆவா. என் வீட்டுக்காரர் இருந்திருந்தா தேறாதுன்னுதான் சொல்லியிருப்பார். ஆனா அவர் வேற படத்தை வச்சுப் பேசியிருப்பார். நானும் அப்படித்தான் பேசினேன்."

"ரெண்டையும் எழுதிக்கறேன்" என்றார் டாக்டர். எழுதினார்.

மறுநாள் அச்சகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, மதியம், எங்கள் வீட்டுத் தகட்டைப் போட்டு முழுப் படத்தையும் பார்த்தேன். கண்ணைத் திறந்து, சத்தம் வைத்து. அவர் சொன்னதில் மணி அடித்த இடம் மட்டும்தான் சரியாக இருந்தது. தொழில் புத்தி விடவில்லை, கடிகாரத்தை வைத்துச் சரிபார்த்தேன். படம் ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிஷம். உறையின் பின்பக்கத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. வருஷா வருஷம் அத்தனை நிமிஷமும் அவர் எனக்காக வேறொரு படத்தைச் சொல்லியிருக்கிறார்.