ஐந்தாவது ஏன்

மனிதகுலம் இதுவரை சந்தித்த, இனிமேல் சந்திக்கப்போகிற எந்தப் பிரச்சினையும் ஐந்து 'ஏன்'களுக்கு மேல் தாக்குப்பிடிக்காது. இது என் அத்தானின் கண்டுபிடிப்பு. கண்டுபிடித்தது வேறு யாரோ என்று அக்கா சொல்கிறாள். ஆனால் அத்தான் இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருகிற களையைப் பார்த்தால் அந்த வேறு யாரோவே உரிமையை விட்டுக்கொடுத்துவிடுவார்.

அத்தான் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. பெட்டியின் மூலை பிய்ந்தால் ஏன் பிய்ந்தது என்று கேட்பார். பசை காயவில்லை என்றால் ஏன் காயவில்லை என்பார். இப்படியே கேட்டுக்கொண்டு போனால் ஐந்தாவது பதிலில் உண்மைக் குற்றவாளி கைகட்டி நிற்பான். தொழிற்சாலையில் யார் நிற்கிறார்களோ தெரியாது. வீட்டில் நான் நிற்பேன். கல்லூரி பக்கத்தில் இருக்கிறது என்று அக்கா வீட்டில் தங்கிப் படிக்க வந்த நாளிலிருந்து, குளியலறை விளக்கு அணையாமல் இருப்பது, சாக்ஸ் ஒற்றையாகக் கிடப்பது, பற்பசை நடுவயிற்றில் பிதுக்கப்பட்டிருப்பது என எல்லாவற்றின் ஐந்தாவது ஏனிலும் நான்தான் குடியிருக்கிறேன்.

அக்கா வேறு கட்சி. சமையலறை அலமாரிகளுக்கு வரைபடம் போடுவது அவள் தொழில். ஓர் அலுவலகத்தில் சம்பளத்துக்குச் செய்துகொண்டிருந்ததை விட்டுவிட்டு, வீட்டின் பின்னறையில் ஒரு மேசை, ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர் என்று சொந்தமாக ஆரம்பித்திருக்கிறாள். அந்தக் கம்ப்யூட்டரை ஆன் செய்வதற்கு முன் பெட்டியின் தலையில் இரண்டு தட்டு தட்டி, "வா செல்லம்" என்பாள். அதுவும் வரும்.

அத்தானுக்கு இதைக் கண்டாலே ஆகாது.

"அது தகரம்மா. தகரத்துக்கு எதுக்குக் கொஞ்சல்? நாளைக்கு வாஷிங் மெஷினுக்குத் தாலாட்டு பாடுவியா?"

"உங்களை எழுப்பவே நாலு தட்டு தட்டவேண்டியிருக்கு. இது ரெண்டுலயே எழுந்திருக்குது."

"மச்சான், கேட்டுக்கோ. படிச்ச பொண்ணு பேசுற பேச்சு."

நான் கேட்டுக்கொண்டேன். அந்த வீட்டில் எனக்குச் சாப்பாடு போடுவது இரண்டு பேரும்தான் என்பதால் சிரிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை தச்சர் வந்துவிட்டார். காதில் பென்சில், இடுப்பில் அளவு டேப். அக்காவின் முதல் சொந்த ஆர்டர், ஒரு முழுச் சமையலறை. எந்தப் பலகையை எந்த அளவில் வெட்டவேண்டும் என்கிற வரைபடம் தச்சர் கையில் போகவேண்டும். மரக்கடையில் பலகை வெட்டும் பெரிய மெஷின் மதியம்வரைதான் இவர்களுக்கு. அதற்குப் பிறகு வேறொருவரின் வேலை ஏறிவிடும். அது எப்போது இறங்கும் என்று கடைக்காரருக்கே தெரியாது. ஆர்டர் கொடுத்த வீட்டுக்காரரோ, சொன்ன தேதி தவறினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று முன்பே சிரித்துக்கொண்டு சொன்னவர். கடைசி அளவுகள் முந்தைய நாள் மாலைதான் முடிவாகின. அக்கா எல்லாவற்றையும் திருத்தி வைத்துவிட்டு, காலையில் பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டாள்.

காலையில் இரண்டு தட்டு தட்டினாள். "வா செல்லம்."

செல்லம் வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரு வரி வந்து நின்றது. அணைத்துப் போட்டாள். மறுபடி அதே வரி.

"என்னங்க, கொஞ்சம் வாங்களேன்."

திங்கட்கிழமை தொழிற்சாலையில் பேசப்போகிற பேச்சை முணுமுணுத்துக்கொண்டே அத்தான் தேநீர் டம்ளரோடு வந்தார். நிலைமையைப் பார்த்தார். டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டு, சட்டைக் கையை முழங்கைவரை மடித்தார்.

"பதறாத. முதல் ஏன். ஏன் வரல?"

"அது தெரிஞ்சா உங்களை ஏன் கூப்பிடுறேன்?"

"ஏன்னு நான்தான் கேக்கணும். நீ பதில் சொல்லணும்."

"கோவிச்சுக்கிச்சு போல. யாரோ என்னமோ பண்ணியிருக்காங்க."

அத்தான் தச்சரைப் பார்த்து, 'பார்த்தீர்களா, இதோடுதான் குடும்பம் நடத்துகிறேன்' என்பதுபோலத் தலையசைத்தார். தச்சரும் மரியாதைக்கு அசைத்துவைத்தார்.

"அத்தான், ஸ்கிரீன்ல ஏதோ எழுதியிருக்கே" என்றேன்.

"எழுதியிருக்கும். அது அறிகுறி, மச்சான். நாம தேடுறது காரணம். காய்ச்சல்காரன் புலம்புறதை எல்லாம் டாக்டர் உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருப்பாரா?"

"எங்க டாக்டர் கேப்பாரு சார்" என்றார் தச்சர்.

அத்தான் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் திருப்புளியைக் கேட்டார். பெட்டியின் பக்கவாட்டுத் தகடு கழன்றது. உள்ளே தலையணை தைக்கிற அளவுக்குத் தூசு. ஊதினார். தூசு கிளம்பி ஒரு சுற்றுச் சுற்றி, ஊதியவர் மூக்குக்கே திரும்பியது. தும்மல்கள் ஓய்ந்ததும் அறிவித்தார்: "ரெண்டாவது ஏன் முடிஞ்சுது. ஏன்னா, தூசு."

மெமரி கார்டுகள் இரண்டையும் பிடுங்கி எடுத்து, "ரப்பர் இருக்கா மச்சான்?" என்றார்.

"இருக்கு அத்தான். நான் தப்பே பண்றதில்லையா, அதான் எங்க வச்சேன்னு தெரியல."

தேடிக் கொடுத்தேன். கார்டுகளின் மஞ்சள் பற்களை ரப்பரால் தேய்த்துத் தேய்த்து மின்னவைத்தார். திரும்பச் செருகினார். தகட்டை மூடினார். ஒரு திருகு மிச்சமிருந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல ஸ்விட்சை அழுத்தினார்.

பீப். பீப். பீப். திரையில் இப்போது அந்த வெள்ளை வரிகூட இல்லை.

"முன்ன சும்மா இருந்துச்சு. இப்ப கத்துது" என்றார் தச்சர். "முன்னேற்றம்தானே சார்?"

கிண்டலா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டிருந்தார்.

அதற்குள் அக்கா பழைய உறை ஒன்றைத் திருப்பிப்போட்டு, நினைவிலிருந்து அளவுகளை எழுத ஆரம்பித்திருந்தாள். மேல் அலமாரி எழுதினாள். கீழ் இழுப்பறைகள் எழுதினாள். மூலை அலமாரிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

"அண்ணே, மூலைக் கதவு அகலம் எனக்கு ஞாபகம் வரல."

"குத்துமதிப்பா வெட்டக்கூடாதும்மா. பலகை வீணாப்போகும்."

"பலகை மட்டுமா அண்ணே? முதல் வேலையிலேயே தப்பா வெட்டினா அப்புறம் யாரு என்னை நம்பிக் கூப்பிடுவா?"

பீப் பீப் என்கிற சத்தத்துக்கு நடுவே இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். அத்தான் உறையைப் பார்த்தார். பேனாவைப் பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மறுபடி தகட்டைக் கழற்றி, கார்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, இந்தத் தடவை 'க்ளிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தினார். கத்தல் நின்றது. பழைய வெள்ளை வரி திரும்பி வந்தது. அதைப் பார்த்து நாங்கள் நான்கு பேரும் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல மகிழ்ந்தோம்.

"மச்சான், மேசைக்கு அடியில போய் ஒயரெல்லாம் சரியா இருக்கான்னு பாரு" என்றார் அத்தான். மூன்றாவது ஏனை அவர் கேட்கவே இல்லை.

தவழ்ந்து போனேன். பெட்டியின் முதுகுப்பக்கம் ஒயர்கள் இறுக்கமாகத்தான் இருந்தன. என் ஒற்றைச் சாக்ஸ் ஒன்று கிடந்தது. அதைச் சத்தம் போடாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். ஒயர்களுக்கு நடுவில் சிவப்பு நாடா கட்டிய பென்டிரைவ் ஒன்று செருகியிருந்தது. நாடாவில் 'தரமே நம் உயிர்மூச்சு' என்று அச்சடித்திருந்தது.

தலையை மட்டும் வெளியே நீட்டினேன்.

"அக்கா, அந்த வெள்ளை வரியைக் கொஞ்சம் படியேன்."

அக்கா குனிந்து படித்தாள். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னாள்: "செருகி வச்சிருக்கறதை எடுத்துட்டு ஏதாவது ஒரு பட்டனை அழுத்தவும்."

காலையிலிருந்து அது இதையேதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

"முதல் ஏன்" என்றேன் மேசைக்கு அடியிலிருந்து. "ஏன் வரல? எழுந்திருக்கறப்போ ஒரு பென்டிரைவுக்குள்ள போய்த் தேடுது, அங்க அதுக்கு வேண்டியது இல்ல. ஏன் அங்க தேடுது? பென்டிரைவ் செருகியே இருக்கு. ஏன் இருக்கு? யாரோ எடுக்காம விட்டுட்டாங்க. ஏன் எடுக்கல? திங்கக்கிழமை பேசப்போற பேச்சை நேத்து சாயங்காலம் இதுல எழுதின வரைக்கும் காப்பி பண்ணிட்டு, அந்த சந்தோஷத்துல அப்படியே எழுந்து போயிட்டாங்க. அஞ்சாவது ஏன்..."

"இந்த மாதிரி சின்னக் கேஸுக்கெல்லாம் நாலே போதும், மச்சான்" என்றார் அத்தான்.

"கேட்டது கேட்டாச்சு, அஞ்சாவதையும் கேட்டுடுங்க தம்பி" என்றார் தச்சர். "நானும் காலையிலேர்ந்து நிக்கிறேன்."

"அவரை விடுடா" என்றாள் அக்கா. "முதல்ல அதைப் பிடுங்கு."

பிடுங்கினேன். அக்கா பெட்டியின் தலையில் இரண்டு தட்டு தட்டினாள். "வா செல்லம்." ஒரு பட்டனை அழுத்தினாள்.

வந்தது. மூலைக் கதவின் அகலமும் வந்தது. பிரிண்டர் முனகி முனகித் தாள்களைத் துப்ப, அக்கா ஒவ்வொன்றையும் சூடாறும் முன்பே பிடித்துத் தச்சரிடம் கொடுத்தாள்.

"பென்டிரைவை எடுத்ததாலதான் வந்துச்சு" என்றார் அத்தான். "தட்டினதால இல்ல."

"நான் இப்ப ஏதாவது சொன்னேனா?"

"சொல்லல. மூஞ்சியில இருக்கு."

தச்சர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினார். "சார், என் ட்ரில்லிங் மெஷின் கொஞ்ச நாளா மக்கர் பண்ணுது. அதை ஏன்னு கேக்கட்டுமா, தட்டட்டுமா?"

அத்தான் கதவை மரியாதையாகச் சாத்தினார்.

மரக்கடையிலிருந்து மதியத்துக்குள்ளேயே போன் வந்தது. பலகைகள் வெட்டியாகிவிட்டன, அளவு சரி. அக்கா பார்த்துவரக் கிளம்பினாள். போகும்போது, "ராத்திரி சமைக்கமாட்டேன், அதுக்கும் ஒரு ஏன் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் தண்ணீர் குடிக்க எழுந்து பின்னறைப் பக்கம் போனேன். அத்தான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். பேச்சில் இன்னும் கடைசிப் பக்கம் பாக்கி. சிவப்பு நாடா பென்டிரைவை மேசையின் தூரத்து ஓரத்தில், கடிக்கும் என்பதுபோலத் தள்ளிவைத்திருந்தார். விரல் ஸ்விட்சுக்குப் போனது. நின்றது. சட்டைப் பையிலிருந்து மிச்சத் திருகை எடுத்துப் பார்த்தார். திரும்ப உள்ளே போட்டார். கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தார். நான் திரைச்சீலையோடு திரைச்சீலையாக நின்றேன்.

பெட்டியின் தலையில் ஒரு தட்டு விழுந்தது. சத்தம் பலமாகிவிட்டதோ என்று அவரே பதறி, இரண்டாவதை மெதுவாகத் தட்டினார்.

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வாங்க செல்லம்."