நாற்பத்தொரு நிமிட அக்கா

இறந்து ஒன்பது நாள் ஆன ஒரு பெண், திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு அலுவலகத்தில் தன் நாற்காலியில் உட்கார்ந்து, நாற்பத்தொரு நிமிடம் வேலை பார்த்துவிட்டுக் காணாமல் போனாள். மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தாள். வாசல் காவலாளி அவள் உள்ளே போனதைப் பார்க்கவில்லை. இருந்தாலும் வருகைப் பதிவில் எழுதாமல் விட்டால் பிறகு தன் தலையில்தான் வந்து விடியும் என்று மூன்றாம் நாளிலிருந்து எழுதத் தொடங்கினார். தேநீர் கொண்டுவரும் அம்மாள் இரண்டாவது வாரம் முழுவதும் அவள் மேஜையில் ஒரு கோப்பையை வைத்தாள். ஒருநாளும் குடிக்காமல் ஆறிப்போகவே, மூன்றாவது வாரம் நிறுத்திக்கொண்டாள். அதற்குமேல் யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. அந்த மாடியில் ஒவ்வொருவருக்கும் தலைக்குமேல் வேலை இருந்தது.

அவர்கள் செய்துகொண்டிருந்தது ஒரு டிபக்கர். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினி நிரலை நடுவில் பிடித்து நிறுத்தி, அந்த நொடியில் அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது, எந்த எண் எங்கே தப்பாகப் போயிருக்கிறது என்று எட்டிப் பார்க்க உதவும் இன்னொரு நிரல் அது. பிழை தேடுகிறவர்கள் அதை நம்பித்தான் தேடுவார்கள். அதுவே தப்பாகக் காட்டிவிடக் கூடாதே என்பதற்காக, அதைச் சோதித்துப் பார்க்கும் குட்டிக் குட்டி நிரல்களை ஆயிரக்கணக்கில் எழுதிவைத்திருந்தார்கள். தினமும் பதினொரு மணிக்கு அவை தாமாகவே வரிசையாக ஓடும். தேறியது பச்சை, தேறாதது சிவப்பு. வரிசையில் முதலில் நின்றவை, எல்லோரும் அக்கா என்று கூப்பிட்ட அந்த இறந்துபோன பெண் எழுதிய ஆயிரத்து நூற்றிருபது சோதனைகள். பதினொரு வருடத்து உழைப்பு. ஒவ்வொன்றும் ஓட இரண்டு நொடிக்குக் கொஞ்சம் அதிகமாக ஆகும். ஒரு சோதனை ஓடுகிற அந்த இரண்டு நொடியும், அதை எழுதிய நாளில் அக்கா எப்படி இருந்தாளோ அப்படியே இருந்தாள். முப்பத்தொன்றாவது சோதனையில் கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். இருநூற்றுப் பன்னிரண்டில் தும்மினாள். நானூற்று ஆறில் யாரோ எப்போதோ சொன்ன நகைச்சுவைக்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சோதனை தேறினாலும் தேறாவிட்டாலும் வந்தாள். ஓடினால் போதும் அவளுக்கு.

இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவள் அவளுடைய தங்கை. அதே குழுவில்தான் வேலை, அக்காவுக்கு முன்மேஜை, அக்காவுக்கு முதுகு காட்டி உட்காரும் இருக்கை. அக்காதான் அவளை அங்கே சேர்த்துவிட்டாள். சேர்த்துவிட்டதை அவ்வப்போது சொல்லிக்காட்டவும் செய்தாள். இருவரும் ஒரே டப்பாவிலிருந்து பிஸ்கட் தின்று, ஒரே குடையில் பேருந்து நிறுத்தம்வரை போய், ஒன்பது வருடம் ஒட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். பிறகு ஒருநாள் தங்கை, அக்காவின் சோதனை ஒன்று பழசாகிவிட்டதென்று தானே முடிவு செய்து, ஒரு வார்த்தை கேட்காமல் அதை எடுத்துவிட்டாள். அது காவல் காத்துக்கொண்டிருந்த பிழை இரண்டே வாரத்தில் திரும்பி வந்துவிட்டது. குழுக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அக்கா சொன்னாள்: "அவளுக்கு எதையும் எடுக்கத்தான் தெரியும். வெக்கத் தெரியாது." தங்கை எழுந்து நின்று, "நீ எழுதினது முக்காவாசி குப்பை. ஒண்ணு எடுத்தா என்ன கொறஞ்சுபோச்சு?" என்று கேட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. நாலடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு பதினான்கு மாதம் பேசவில்லை. சொல்ல வேண்டியதை அம்மாவிடம் சொல்லியனுப்பினார்கள். பின்மேஜையில் இருமல் கேட்கத் தொடங்கி, நாள்பட்டு, நெஞ்சைப் பிய்க்கிற இருமலாக மாறியபோதும் தங்கை திரும்பவில்லை. தண்ணீர் எடுத்துக் கொடுக்கலாமா என்று நாலைந்து முறை தோன்றியது. அவளே கேட்கட்டும் என்று விட்டுவிட்டாள். ஆஸ்பத்திரிக்குத் தங்கை போய்ச் சேர்ந்த நாளில் அக்காவுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை.

அதனால் அக்கா வரத் தொடங்கிய பிறகு தங்கை தினமும் பதினொரு மணிக்கு நாற்காலியைப் பின்பக்கம் திருப்பிக்கொண்டாள். பேசிப் பார்த்தாள், காதில் விழவில்லை. கையைத் தொட்டுப் பார்த்தாள். வெயிலில் கிடந்த மேஜையைத் தொட்டதுபோல் இளஞ்சூடாக இருந்தது, அவ்வளவுதான். ஆகவே பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். எந்த எண்ணில் அக்கா கொட்டாவி விடுவாள், எதில் பேனாவைக் கடிப்பாள் என்பதெல்லாம் மனப்பாடம் ஆயிற்று. ஆனால் முப்பத்திரண்டாவது நிமிடம் வந்ததும் சட்டென்று திரும்பித் தன் திரையைப் பார்த்துக்கொள்வாள். கடைசி ஒன்பது நிமிடம் அந்தப் பதினான்கு மாதத்தைச் சேர்ந்தது. அதைப் பார்க்கிற தெம்பு அவளுக்கு இல்லை. முதுகுக்குப் பின்னால் அந்த இருமலை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அம்மா வியாழக்கிழமைதோறும் வந்தாள். பார்வையாளர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஜன்னலோரம் போட்ட நாற்காலியில் மடியில் கைப்பையை வைத்து நாற்பத்தொரு நிமிடமும் உட்கார்ந்திருப்பாள். முடிந்ததும், "வரேன்" என்று இரண்டு மகள்களின் மேஜைகளுக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவாள். இப்படியே இரண்டு வருடம் போயிற்று.

அறையின் மூலையில் சாம்பல் நிற அலமாரிபோல ஒரு பழைய கணினி இருந்தது. எல்லோரும் அதைக் கிழவன் என்பார்கள். அக்காவின் சோதனைகளில் எண்ணூற்று எழுபத்தேழு, அந்த வகை இயந்திரத்துக்காக எழுதியவை. உலகத்தில் வேறு யாரும் அந்த வகையை இப்போது வைத்திருக்கவில்லை. உதிரி பாகமும் கிடைக்கவில்லை. கிழவனுக்கு நினைவு தப்பத் தொடங்கியது. தினமும் ஐம்பது அறுபது சோதனைகள் காரணமில்லாமல் சிவப்பாயின. இன்றைக்குச் சிவந்தது நாளைக்குப் பச்சையாகும், வேறொன்று சிவக்கும். சிவப்பு பழகிப்போனதும் யாரும் சிவப்பைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். அந்தச் சிவப்புக்குள் ஒருநாள் நிஜமான பிழை ஒன்றும் உட்கார்ந்திருந்தது. வேறொரு நிறுவனத்தார் தங்கள் மின்தூக்கியின் நிரலில் கோளாறு தேடியபோது டிபக்கர் தப்பான எண்ணைக் காட்டியது. அவர்கள் அதை நம்பினார்கள். பதினொரு பேர் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நாலு மணி நேரம் தொங்கினார்கள். உயிர்ச் சேதம் இல்லை. ஒரு முதியவர் மட்டும் அதன்பிறகு கதவு மூடிய எந்த அறையிலும் உட்காருவதில்லை என்று கடிதம் வந்தது.

குழுத்தலைவருக்கு எதைச் சொன்னாலும் 'பார்க்கலாம்' என்பதே பதில். பட்டப்பெயரும் பார்க்கலாம் சார்தான். கிழவனுடைய சோதனைகளை எடுக்கும் விஷயத்தையும் இரண்டு வருடமாகப் பார்க்கலாம் என்றே தள்ளிவந்தார். கடிதம் வந்த அன்று தங்கையின் மேஜைக்குத் தானே வந்தார். வேறு யாரிடம் கொடுத்தாலும் மாட்டேன் என்கிறார்கள், வெளியாளை வைத்துச் செய்ய எனக்கு மனசில்லை என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "இந்தத் தடவை பார்க்கலாம்னு சொல்ல முடியலம்மா" என்றார். கடிதத்தைத் தங்கையும் படித்திருந்தாள். சரி என்று தலையை ஆட்டினாள்.

முதலில் ஒரு குறுக்குவழி பார்த்தாள். சோதனைகளை அழிக்காமல், ஓட்ட வேண்டாம் என்று ஒரு குறி மட்டும் போட்டுவைத்தாள். மறுநாள் அந்த எண்கள் வந்த இடத்தில் அக்கா கைகளை மடியில் போட்டுக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி, மூச்சுகூட விடாமல் உட்கார்ந்திருந்தாள். பார்க்கச் சகிக்கவில்லை. குறியை அன்றே எடுத்துவிட்டாள். பிறகு எல்லாவற்றையும் படியெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய், தன் கணினியில் ஓட்டி, எதிரே ஒரு நாற்காலியையும் போட்டுவைத்தாள். எண்ணூற்று எழுபத்தேழும் ஓடி முடிந்தன. யாரும் வரவில்லை. அக்கா உயிரோடு இருந்த காலத்திலேயே அந்த வீட்டுப் படியை மிதித்தவளில்லை, கிரகப்பிரவேசத்தின்போது சண்டை. கூப்பிட்டனுப்பியிருந்தால் வந்திருப்பாளோ என்னவோ, தங்கை கூப்பிடவில்லை.

ஆகவே நாளுக்கு நாற்பதாக அழிக்கத் தொடங்கினாள். அங்கே ஒரு விதி: எதை எடுத்தாலும் ஏன் எடுக்கிறோம் என்று ஒரு வரி எழுத வேண்டும், இன்னொருவர் படித்துச் சம்மதிக்க வேண்டும். 'இனித் தேவையில்லை' என்று எழுதினாள். நாற்பது முறை எழுதினாள். பார்க்கலாம் சார் நாற்பதையும் படித்து, நாற்பது முறை சம்மதம் கொடுத்தார். மொத்தமாகக் கொடுக்க வழி இருந்தும் ஒவ்வொன்றாகவே கொடுத்தார். வேலை முழுதும் முடியும்வரை அழித்தவற்றின் இடம் வரிசையில் காலியாகவே விடப்பட்டிருந்ததால், மறுநாள் அக்கா ஒன்றரை நிமிடம் தாமதமாக வந்தாள். கண்ணாடி துடைப்பது போயிற்று. ஆறாம் நாள் தும்மல் போயிற்று. பதினொன்றாம் நாள் சிரிப்பு. காவலாளி பதிவேட்டில் வருகை நேரத்தைத் தள்ளித் தள்ளி எழுதிக்கொண்டே வந்தார், ஏன் என்று கேட்கவில்லை.

முதல் வியாழக்கிழமை அம்மா பஸ் தாமதம்போல என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். இரண்டாவது வியாழக்கிழமை கடிகாரத்தையும் காலி நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தாள். தங்கை அவளைக் கூட்டிக்கொண்டுபோய்ப் படிக்கட்டில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். கிழவனைப் பற்றி, மின்தூக்கியைப் பற்றி, ஒரு வரி எழுத வேண்டியிருப்பதைப் பற்றி. அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு ஒரு கேள்வி போட்டாள்.

"எடுக்கறதுன்னா அந்த இருமற நாளையெல்லாம் எடேன். அவ நல்லா சிரிச்சுக்கிட்டிருந்ததை எதுக்கு எடுக்கற?"

இருமல் காலத்துச் சோதனைகள் எல்லாம் புது இயந்திரத்துக்கானவை, ஒவ்வொன்றும் இன்றைக்கும் ஒரு பிழையைப் பிடிக்கிறது, அவற்றில் கைவைக்க முடியாது என்று தங்கை விளக்கினாள்.

"அப்ப அவ நல்லாயிருந்ததுதான் யாருக்கும் தேவையில்லையா?"

 அம்மா கைப்பையின் வாரை முறுக்கி முறுக்கி விட்டாள். பிறகு தனக்கே சொல்லிக்கொள்வதுபோல, "சரி, அதுவாவது இருக்கட்டும். அதுலதான் அவ ஒன்னையே பாத்துக்கிட்டிருக்கா" என்றாள்.

"என்னையா?"

"ஒன் முதுகை. எழுதுவா, நிமிந்து பாப்பா. மறுபடி எழுதுவா." அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். "ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன்டி."

அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இரண்டு வருடமாக ஒவ்வொரு நாளும் பார்த்திருந்தார்கள். அக்கா தங்கை விவகாரத்தில் நாம் என்ன சொல்வது என்று இருந்துவிட்டார்கள்.

மறுநாள் கடைசி ஒன்பது நிமிடம் தங்கை தன் திரைப்பக்கம் நாற்காலியைத் திருப்பாமல், அக்காவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். இருநூற்று நாற்பத்து மூன்று சோதனைகள். அக்கா இருமினாள், வாயைத் துடைத்துக்கொண்டாள், தட்டச்சு செய்தாள், நிமிர்ந்து பார்த்தாள். ஒரு சோதனையில் வாயைத் திறந்து எதையோ சொல்ல வந்து மூடிக்கொண்டாள். இன்னொன்றில் பிஸ்கட் டப்பாவை முன்பக்கம் நாலு விரற்கடை தள்ளிவைத்து, மறுபடி இழுத்துக்கொண்டாள். தங்கை எண்ணிக்கொண்டே வந்தாள். அக்கா இருநூற்றுப் பத்து முறை அவளைப் பார்த்திருந்தாள். மீதி முப்பத்து மூன்றில் இருமல் விடவில்லை. எண்ணி முடித்ததும் தங்கை கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். திரும்பி வந்து அன்றைய நாற்பதை அழித்தாள். 'இனித் தேவையில்லை' என்று எழுத அன்று கை வரவில்லை; 'இந்த இயந்திரம் இப்போது நம்மிடம் இல்லை' என்று மாற்றி எழுதினாள். பார்க்கலாம் சார், கிழவன் இன்னும் மூலையில் இருக்கிறதே என்று கேட்காமல் சம்மதம் கொடுத்தார்.

இருபத்திரண்டாம் நாள் வேலை முடிந்தது. கிழவனை நிறுத்தினார்கள், நிறுத்தியபின் அது மறுபடி உயிர் பெறவில்லை. நாலு பேர் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த நாள் திரை முழுக்கப் பச்சையாக இருந்ததை எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒருவரும் கைதட்டவில்லை. அக்கா பதினொரு மணிக்கே வந்தாள். காலி இடங்களையும் மூடிவிட்டதால், முன்னால் நிற்கும் வருடங்கள் இல்லாமல், காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. வந்ததும் இருமினாள்.

இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. அக்கா தினமும் ஒன்பது நிமிடம் வருகிறாள். புதிதாகச் சேருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள், குடிதண்ணீர் எங்கே, கழிப்பறை எங்கே என்பதோடு சேர்த்து. அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. இருமல் கேட்காததால் வியாழக்கிழமைகள் அவளுக்கு முன்பைவிடச் சுலபமாகப் போகின்றன. பார்க்கலாம் சார் ஓய்வுபெற்றுவிட்டார். தங்கைக்கு அவர் இருக்கையைக் கொடுத்தார்கள். கண்ணாடித் தடுப்பு போட்ட தனி அறை. வேண்டாம் என்று முன்மேஜையிலேயே இருந்துவிட்டாள். இப்போது புதுச் சோதனைகளை அவள்தான் எழுதுகிறாள். எழுதுகிறபோது இருப்பதுபோலத்தான் பிறகு வர வேண்டியிருக்கும் என்று தெரியும், அதனால் அவசரப்படுவதில்லை. ஒவ்வொன்றையும் எழுதும்போது ஒருமுறை விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, முழுதாகப் பின்னால் திரும்பி, அந்த மேஜையை இரண்டு நொடி பார்த்துவிட்டுத்தான் முடிக்கிறாள். இதுவரை நானூற்று அறுபத்தெட்டு எழுதியிருக்கிறாள்.