பொரித் தட்டை விடாத இராஜம்மா

ஜீவனுக்கு இருபத்தேழு வயதில்தான் குரல் உடைந்தது. பெண்பிள்ளை என்று வளர்க்கப்பட்டவன், தான் ஆண் என்று வீட்டில் சொல்லிவிட்டு, மருத்துவரிடம் ஊசி போட்டுக்கொள்ள ஆரம்பித்த சில மாதங்களில் அது நடந்தது. அம்மா இராஜம்மாவுக்கு எல்லாம் தெரியும். இருந்தாலும் தினமும் சுக்குக் கஷாயம் வந்தது.

"ம்மா, இது சளி இல்ல."

"தெரியும். குடி."

விஷயம் தெரிந்த புதிதில் அம்மா அழுதாள். அதன் பிறகு, முகம் கழுவும் தொட்டியில் ஒட்டிக்கிடக்கும் தாடி முடிக்காகத் திட்டத் தொடங்கினாள். அந்த முதல் திட்டு விழுந்த நாள் முழுக்க, போர்ட் கிள்ளான் துறைமுகக் கிடங்கில் ஜீவன் சிரித்தபடியே வேலை பார்த்தான்.

அக்கா அர்ச்சனாவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அவனுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. மணமேடை ஹோமத்தில், பெண்ணின் கையில் பொரி அள்ளிப் போடுவது உடன்பிறந்தவனின் வேலை. அதை அவன்தான் செய்ய வேண்டும்.

"நம்ம வாசு போடட்டும்," என்றாள் செராஸிலிருந்து வந்திருந்த பெரியம்மா. வாசு அவளுடைய மகன். "நாலு பேரு வர்ற இடம் லா. நான் தப்பா சொல்லல."

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். குழம்பு அடிப்பிடிக்கிறது என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள். அன்று அடுப்பே பற்றவைக்கவில்லை.

ஜீவன் வாதாடவில்லை. ஆனாலும் பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவுக்குப் போய் ஒரு பட்டு வேட்டி வாங்கினான்.

"கட்டத் தெரியுமா தம்பி?" என்று கடைக்காரர் கேட்டார்.

"தெரியும்ணே."

"தெரிஞ்சவன் இப்படி முழிக்க மாட்டான். இந்தா, ஒட்டுற வேட்டி. மாப்பிள்ளைங்களே இததான் வாங்குறாங்க. வெளிய சொல்லாத."

கிள்ளான் மண்டபத்தில், "பொண்ணோட தம்பி வாங்கோ," என்று ஐயர் கூப்பிட்டபோது வாசு மேடை ஏறினான். ஜீவன் கீழே நின்று, நேராக இருந்த நாற்காலிகளை மறுபடி நேராக்கினான்.

பொரித் தட்டு அம்மாவின் கையில் இருந்தது. வாசு கையை நீட்டினான்.

"சித்தி, தட்டு."

"இரு."

"ஐயர் கூப்பிடுறாரு சித்தி."

"கூப்பிடட்டும்."

பெரியம்மா மேடைக்கே வந்து தட்டின் மறுவிளிம்பைப் பிடித்தாள். "விடு ராஜம், வீடியோ ஓடுது!"

"ஓடட்டும். நீ விடுக்கா!"

இரண்டு பேரும் இழுத்த இழுப்பில் பாதிப் பொரி வீடியோக்காரர் தலையிலும் மீதியில் முக்கால்வாசி ஐயர் தோளிலும் கொட்டியது. ஏதோ முக்கியமான சடங்கு என்று நினைத்து மேளக்காரர்கள் கெட்டிமேளம் முழங்கினார்கள். அந்தச் சத்தத்துக்கு மேல் அம்மாவின் குரல் ஏறியது.

"நான் பெத்த மகன் அங்க நாற்காலி அடுக்கிக்கிட்டு நிக்கிறான்! அடுத்தவ பிள்ளைய நான் எதுக்கு மேடை ஏத்தணும்? ஜீவா, வாடா!"

ஜீவன் நடந்து வரவில்லை, ஓடி வந்தான்.

"எவ்ளோ நேரம்டா கைய நீட்டிக்கிட்டே உட்கார்றது?" என்றாள் அர்ச்சனா. சிரித்த சிரிப்பில் அவள் கண்மை கரைந்து கன்னத்துக்கு வந்திருந்தது.

தட்டில் ஒரு பிடிதான் மிஞ்சியிருந்தது. "அது போதும்," என்றார் ஐயர், காதிலிருந்த பொரியைத் தட்டிவிட்டபடி. ஜீவன் அதை அக்காவின் கையில் அள்ளிப் போட்டான்.

"நல்லவேளைடா, எனக்குப் புகையே ஆகாது," என்று வாசு இறங்கிப் போனான்.

பொரி போட்ட மைத்துனனுக்கு மாப்பிள்ளை போடும் மச்சான் மோதிரத்தைச் சரவணன் எடுத்தான். "விரல நீட்டு மச்சான்." மோதிரம் கச்சிதமாக உட்கார்ந்தது. போன வாரம் மாமாக் சாப்பாட்டுக் கடையில் டீ குடிக்கும்போது சரவணன் எதற்கு ஜீவனின் விரலைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தான் என்பது அவனுக்கு இப்போதுதான் விளங்கியது.

"இவ்ளோ பொரி கொட்டிக் கிடக்கே, யாரு கூட்டுறது?" என்றாள் பெரியம்மா, விடாமல்.

"பொண்ணோட தம்பி எதுக்கு இருக்கான்?" என்றாள் அம்மா, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

ஜீவன் துடைப்பம் தேடிக் கிளம்பினான். வழியில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் இரண்டு பேர் அவனை மடக்கிக்கொண்டார்கள். பந்தியில் பாயசம் தீர்ந்துவிட்டதாம், பெண் வீட்டு மச்சான் என்று இருந்துகொண்டு இதைக்கூடக் கவனிக்க மாட்டானா என்று கோபமாகக் கேட்டார்கள். அவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் திட்டினால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.